ஆயிரம் என்றால் எத்தனை?



கடையில் ஒருவர் "ஆயிரம்" என்று மட்டும் சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? ஆயிரம் கிராமா, ஆயிரம் ரூபாயா என்று கேட்பீர்கள் அல்லவா? ஆனால் கத்தி தீட்டும் கல்லை வாங்கப் போகிறவர் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கல்லின் மேல் 1000 என்றும், 8000 என்றும், 12000 என்றும் அச்சிட்டிருக்கிறது. எண் பெரியது, எனவே கல் நயமானது என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். இது சரியன்று என்பதே என் கருத்து.

மடக்குச் சவரக் கத்தியை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் முடிதிருத்தும் நிலையங்களில் இப்போது ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடே பெரும்பாலும் புழங்குகிறது. இரத்தத்தின் வழியே பரவும் நோய்களைத் தடுக்க அதுவே நல்லது. எனினும் தம் முகத்தைத் தாமே மழிக்கப் பழைய முறைக் கத்தியை வைத்திருப்போர் உலகெங்கும் உள்ளனர். கத்திகளிலெல்லாம் அதிகக் கூர்மை வேண்டுவது இதற்குத்தான். மனித முடியின் பருமன் 50 முதல் 100 மைக்ரான். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நன்றாகத் தீட்டிய சவரக் கத்தியின் வாயோ ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. அது சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் முடியோடு தோலையும் சீவிவிடும்.

இக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிகின்றன. முதுகின் பருமன் 5 மி.மீ., அகலம் 18 மி.மீ. எனில் வாயின் கோணம் ஏறத்தாழ 16 டிகிரி. முக்கோணவியல் படித்தவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். கோணத்தைக் கத்தியே தீர்மானித்துவிடுவதால், தீட்டுபவர் முக்கியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது கல்லைத்தான். முதலில் 1000 கல், பிறகு 4000, பிறகு 8000, கடைசியில் தோல் வார் என்பது வழக்கமான வரிசை. முந்தைய கல் போட்ட கீறல்களை அடுத்த கல் அழித்து, அவற்றினும் நுண்ணிய கீறல்களைப் போடும். ஆகவே துகளின் அளவு தெரியாமல் வரிசை அமைக்க இயலாது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அது சல்லடையிலிருந்து பிறந்தது. ஓர் அங்குல நீளத்தில் 60 கண்கள் உள்ள சல்லடை 60-ஆம் எண் சல்லடை. அதன் கண்ணின் அகலம் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். கண்கள் கூடக்கூடத் துகள் சிறுக்கும். எண் பெரிதானால் துகள் சிறிது என்பதன் காரணம் இதுவே.

ஆனால் 8000-ஆம் எண் சல்லடை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. அதை 8000-ஆல் வகுத்தால் ஒரு கண்ணுக்கும் ஒரு கம்பிக்கும் சேர்த்தே 3 மைக்ரான்தான் கிடைக்கும். இதில் கம்பியை எப்படி நெய்வது? ஆகவே ஏறக்குறைய 220 வரைதான் சல்லடை. அதற்கு மேற்பட்ட நுண்துகள்களை நீரில் மூழ்கவிட்டு, அவை இறங்கும் வேகத்தைக் கொண்டு அளக்கலாம். விட்டம் பாதியானால் வேகம் காற்பங்காகும் என்பது ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதியின் பயன். வேறு முறைகளும் உண்டு. இங்கே 1000 என்பது கண்களின் எண்ணிக்கையன்று; ஒரு பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே.

பட்டியலோ ஒன்றல்ல! ஜப்பானியத் தர அளவில் 1000 எனில் சராசரித் துகள் சுமார் 11.5 மைக்ரான். ஐரோப்பியத் தர அளவில் சாணைச் சக்கரங்களுக்கான "எஃப்" வரிசையில் அதே 1000 எனில் 4.5 மைக்ரான். உப்புத்தாளுக்கான "பி" வரிசையில் 18 மைக்ரான். ஒரே எண், நான்கு மடங்கு வேறுபாடு! உப்புத்தாளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எண்ணுக்கு முன் "பி" என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது எந்தப் பட்டியல் என்பது விளங்கும். தீட்டுக் கற்கள் பலவற்றில் அந்த ஓரெழுத்துகூட இருப்பதில்லை.

இன்னொன்று. ஜப்பானியத் தரப் பட்டியல் 8000-த்தோடு, அதாவது 1.2 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. அப்படியானால் 12000, 30000 என்பவை எங்கிருந்து வந்தன? தயாரிப்பாளர்கள் தாமே வைத்த எண்கள் அவை. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல கற்களும் அவற்றில் உண்டு. ஆனால் ஒருவருடைய 12000-ஐ மற்றவருடைய 12000-த்தோடு ஒப்பிட நமக்குப் பொதுவான அளவுகோல் இல்லை.

"துகளின் மைக்ரான் அளவை அச்சிட்டால் போதுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில் கோட்டிகூல் என்ற வெளிர்மஞ்சள் கல் கிடைக்கிறது. அதில் தீட்டும் வேலையைச் செய்பவை கார்னெட் படிகங்கள். (நம் நகைக்கடைகளில் உள்ள கோமேதகமும் கார்னெட் குடும்பமே.) அவற்றின் பருமன் 5 முதல் 15 மைக்ரான். அளவை மட்டும் பார்த்தால் இது முரட்டுக் கல். ஆயினும் சவரக் கத்திக்குக் கடைசிக் கல்லாக இதைப் பல தலைமுறையினர் பயன்படுத்தி வந்துள்ளனர். ஏனெனில் அப்படிகங்கள் பல முகங்களுடன் ஏறக்குறைய உருண்டையானவை. கல்லில் புதைந்து சிறிதளவே வெளியே நீட்டி நிற்பவை. ஆகவே கீறலின் ஆழம் குறைவு. அளவோடு வடிவமும் பிணைப்பும் சேர்ந்துதான் கீறலைத் தீர்மானிக்கின்றன.

எனவே என் கோரிக்கை இதுதான். செயற்கைக் கல் விற்போர் எண்ணோடு தரப் பட்டியலின் பெயரையும் மைக்ரான் அளவையும் அச்சிட வேண்டும். இயற்கைக் கல்லுக்கு எண்ணே வேண்டாம். எந்த ஊர்க் கல், எப்படிப்பட்ட கீறல் போடும் என்று சொன்னால் போதும். அதுவரை வாங்குபவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். சவரக் கத்தியைத் தொடவே வேண்டாம். ஒரு பழைய எஃகுக் கரண்டியின் காம்பை வெவ்வேறு எண்ணுள்ள உப்புத்தாள்களில் தேய்த்து, பள்ளியின் நுண்ணோக்கியில் பாருங்கள். எஃகில் ஒளி ஊடுருவாது. ஆகவே கீழிருந்து வரும் ஒளி பயன்படாது. பக்கவாட்டில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். கீறல்கள் பளிச்சென்று தெரியும். எண்ணைச் சொல்லாமல் நண்பனிடம் காட்டி, எது நயமான தாள் என்று கேளுங்கள்.

எண் என்பது அறிவியலின் மொழி. ஆனால் அலகும் அளந்த முறையும் கூறாத எண், பாதி சொல்லிய வாக்கியம். மறுபாதியைக் கேட்டு வாங்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.