கண்ணாடி இறங்கும் சத்தம்
பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் 1959-இல் வந்த நிக்கான் எஃப்-இல் போய் நின்றுவிடுகிறார்கள். நண்பர் வீட்டு அலமாரியிலிருந்த அசாஹிஃப்ளெக்ஸ் 2பி-யைக் கையில் வாங்கிய அன்று, பாதிக் கதை அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டதாக எனக்குப் பட்டது. மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துக்கொண்டு 1919-இல் டோக்கியோவில் தொடங்கிய கம்பெனி தயாரித்தது அது. ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆரை 1952-இல் கொண்டுவந்ததும் அவர்களே. அதை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். வலப்பக்கம் ஓடும் பிள்ளை உள்ளே இடப்பக்கம் ஓடுவான். துரத்திக்கொண்டு கேமராவைத் திருப்பினால் ஆளையே காணோம். ஜப்பானில் இந்தத் தொல்லையை 1955-இல் மிராண்டா கேமராவின் பென்டாபிரிசம் என்ற கண்ணாடிப் பட்டகம் தீர்த்துவைத்தது, சரி. ஆனால் என் மனம் நிற்பது 1954-இல் வந்த இந்த 2பி-யில்தான். ஜெர்மானிய எக்ஸாக்டாவில் பொத்தானை அழுத்தியதும் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி அப்படியே நின்றுவிடும். ஃபிலிமைச் சுற்றினால்தான் இறங்கும். அதுவரை இருட்டு. படம் எடுத்தவருக்கு அடுத்த நொடி என்பதே கிடையாது. 2பி-யில் அது தானாகவே இறங்கிவிடுகிறது. ஹங்கேரியின் டூஃப்ளெக்ஸில் இது முன்பே இருந்ததே என்பீர்கள், இருந்தது, நிலைக்கவில்லை. "சும்மா அழுத்திப் பாருங்க" என்றார் நண்பர். டக்கென்று ஒரு சத்தம். எதிரே காபி டம்ளரோடு நின்ற அவர் மனைவி ஒரு கணம் மறைந்து, பாதிச் சிரிப்போடு மறுபடியும் அங்கேயே இருந்தார்.