புளோரிடா 2000: எண்ணப்படாத வாக்குகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பேசுவோர், புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 537 வாக்குகளால் வென்றதைக் காட்டி, ஒவ்வொரு வாக்கும் எத்துணைப் பெறுமதியுடையது பாருங்கள் என உபதேசிப்பது வழக்கமாகிவிட்டது. வேறு சிலர், ரல்ஃப் நேடர் அங்கு பெற்ற 97,000இற்கு மேற்பட்ட வாக்குகளைக் காட்டி, அல் கோரின் தோல்விக்கான பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவர். இவ்விரு கூற்றுகளும் பெரியதோர் உண்மையை மறைப்பன. அத்தேர்தலில் புளோரிடாவில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் இலட்சம் வாக்குச்சீட்டுகள் கணக்கில் சேராது ஒதுக்கப்பட்டன. 537 என்ற எண்ணை மனனம் செய்தோர் இந்த எண்ணை மறந்ததேன்?

வாக்காளரின் அறியாமையே காரணம் என்பது ஆயத்தமாகக் கிடைக்கும் விடை. அது பொருந்தாது. கட்ஸ்டன், லியோன் என்பன அம்மாநிலத்தின் அடுத்தடுத்துள்ள இரு மாவட்டங்கள். லியோனில் தலைநகர் தலஹாசி உள்ளது. கட்ஸ்டனோ புளோரிடாவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையினராக வாழும் ஒரே மாவட்டம். இரண்டிலும் அடையாளமிட்ட சீட்டை ஒளியால் வாசிக்கும் இயந்திரங்களே பயன்பட்டன. லியோனில் இயந்திரம் வாக்களிப்பு நிலையத்திலேயே இருந்தது. பிழையான சீட்டை அது திருப்பித் தள்ள, வாக்காளர் வேறு சீட்டுப் பெற்றுத் திருத்திக்கொண்டார். கட்ஸ்டனிலோ சீட்டுகள் மத்திய நிலையமொன்றிற்குக் கொண்டுசெல்லப்பட்டே எண்ணப்பட்டன. பிழை நேர்ந்ததை வாக்களித்தவர் அறிய வழியில்லை. லியோனில் ஒதுக்கப்பட்டவை ஒரு வீதத்திற்கும் குறைவு. கட்ஸ்டனில் ஏறத்தாழ 12 வீதம். அறியாமை எங்கே இருந்தது? வாக்காளரிடத்தா, வசதியைப் பங்கிட்டோரிடத்தா? கறுப்பின வாக்காளரின் சீட்டு நிராகரிக்கப்படும் வாய்ப்பு ஏனையோரினதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு என, கூட்டாட்சிக் குடியியல் உரிமைகள் ஆணைக்குழு 2001இல் அறிக்கையிட்டது.

தேர்தல் முடிவை உறுதிப்படுத்திய மாநிலச் செயலாளர் கதரின் ஹரிஸ், புஷ்ஷின் புளோரிடாப் பிரசாரக் குழுவின் இணைத் தலைவருமாவார். மாநில ஆளுநர் புஷ்ஷின் தம்பி. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நீதிமன்றத்தின் நடத்தையே கூர்ந்து நோக்கத்தக்கது. டிசம்பர் 8இல் மாநில உயர் நீதிமன்றம், இயந்திரம் வாசிக்கத் தவறிய சீட்டுகளைக் கையால் எண்ணப் பணித்தது. மறுநாளே கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தியது. 12ஆம் திகதி இரவு, மாவட்டந்தோறும் எண்ணும் முறை வேறுபடுவதால் சமத்துவம் மீறப்படுகின்றதென்றும், குறையைத் திருத்தக் காலம் இல்லையென்றும், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அந்நீதிமன்றம் முடிவு கட்டியது. காலத்தைக் கழியவிட்டவர்களே காலம் போதாதென்றனர்! எண்ணுவதில் சமத்துவம் தேடியவர்கள், கட்ஸ்டனுக்கு ஒருமுறை, லியோனுக்கு ஒருமுறை என வாக்களிப்பிலேயே இருந்த சமத்துவமின்மையைத் தீண்டவில்லை. தமது தீர்ப்பு அவ்வழக்கின் சூழ்நிலைக்கு மட்டுமே உரியதென்றும் எழுதிவைத்தனர். நெறியெனின் பிற வழக்குக்கும் பொருந்த வேண்டாமோ?

எண்ணியிருப்பினும் புஷ்ஷே வென்றிருப்பார் என்பாரும் உளர். அக்கூற்றில் பாதி மெய். 2001இல் பத்திரிகைகள் சேர்ந்து செய்வித்த ஆய்வின்படி, கோர் கேட்ட அளவில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ் வென்றிருப்பார். ஒதுக்கப்பட்ட சீட்டுகள் அனைத்தையும் மாநிலம் முழுவதும் ஆராய்ந்திருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார். புளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகளும் அவருக்குச் சென்றிருக்கும். நாடளாவிய வாக்கில் ஐந்து இலட்சத்திற்கு மேல் முந்தியிருந்தவரும் அவரே.

ஆயினும் கோரின் தரப்பையும் விட்டுவிடலாகாது. எல்லா வாக்கும் எண்ணப்படுக என மேடையில் முழங்கிய அத்தரப்பு, கையால் எண்ணுமாறு விண்ணப்பித்த மாவட்டங்கள் நான்கு. அவற்றுள் கட்ஸ்டன் இல்லை.