பட்டா யார் பேர்ல இருக்கு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, பொழுது போகாம எங்க வயலோட சர்வே நம்பரை அரசு நில ஆவணத் தளத்துல தட்டிப் பார்த்தேன். மொத்தமே அறுபது சென்ட். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பாதான் உழுது நடறார். பட்டாவுல இருந்ததோ, காலமாகிப் போன பெரியப்பா பேரு!

தாத்தா வாய்வார்த்தையா பாகம் பிரிச்சுக் கொடுத்ததாம். பத்திரம் கிடையாது. 1980-களில் யுடிஆர்னு நில ஆவணங்களைப் புதுசா எழுதினப்ப, வீட்டுக்கு மூத்தவர்னு பெரியப்பா பேரைப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் எடுத்தே பார்க்கலை.

பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? தோண்ட ஆரம்பிச்சேன். விஷயம் இதுதான் மக்களே: ஒரே நிலத்துக்கு ரெண்டு டேட்டாபேஸ். பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் வருவாய்த்துறை கையில். பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத்துறை கையில். பட்டா மட்டுமே உரிமை ஆகாதுன்னு கோர்ட்டுகள் பலமுறை சொல்லியாச்சு. சரி, பத்திரம்? விற்கிறவருக்கு உரிமை இருக்கான்னு ஆராயற அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாதுன்னு 2025-ல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒண்ணை ரத்து பண்ணினப்ப சொல்லிடுச்சு. வில்லங்கம் போட்டா பதிவானது மட்டும்தான் வரும். தாத்தாவோட வாய்வார்த்தை வராது. ஆக, 'இது உன் நிலம்'னு முழுப் பொறுப்போட சொல்ல அரசாங்கத்துல ஆளே இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-லேயே பதிவேடுதான் உரிமை, அதை நம்பி ஏமாந்தா நஷ்ட ஈடுன்னு சட்டம் போட்டுட்டாங்க!

தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் "பன்னிரண்டு வருஷத்துக்கு மேல அனுபவிக்கறீங்களே, எதிரிடை அனுபவம்னு கேஸ் போடலாமே"ன்னார். அப்புறம் அவரே, "ஆனா அண்ணன் தம்பிக்குள்ள ஒருத்தர் அனுபவிச்சா எல்லாருக்குமாத்தான் கணக்கு. அவங்க உரிமையை மறுத்து, அவங்களுக்குத் தெரியவே வச்சிருந்தோம்னு நிரூபிக்கணும்"னு இழுத்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "அப்போ எங்க அப்பன் கொடுத்த நிலத்தை, அண்ணன்கிட்ட பிடுங்கினேன்னு நானே சொல்லணுமா? எனக்கு அந்தப் பட்டாவே வேணாம்."

சட்டப்படி வக்கீல் சொன்னது சரி. ஆனா அப்பா பக்கம்தான் நியாயம்னு தோணுது. பதிவேட்டுல நடந்த தப்பைச் சரி பண்ண, செத்துப்போன அண்ணனை எதிரி ஆக்கணுமா?

கடைசியில பெரியப்பா மகன்கிட்டயே பேசினேன். "சித்தப்பா நிலம்னு ஊருக்கே தெரியும்டா, விடுதலைப் பத்திரம் எழுதிடலாம்"னார். பெரியம்மாவும் ரெண்டு அக்காவும்கூட கையெழுத்துப் போடணும். ஒரு அக்கா இன்னும் யோசிக்கிறாங்க. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். தாளைப் பார்த்தா அவங்க அப்பா பேருதானே இருக்கு!

அதனால ஒரே வேண்டுகோள். இன்னிக்கே உங்க பட்டாவையும் வில்லங்கத்தையும் எடுத்துப் பாருங்க. வாய்வார்த்தைக்குச் சாட்சியான பெருசுகள் உயிரோட இருக்கும்போதே அதை எழுதிப் பதிஞ்சுடுங்க.

டிஸ்கி: ஊர்ல போய் "ஒரு பதிவு போடணும்பா"ன்னேன். அப்பா சார்பதிவாளர் ஆபீஸ்னு நினைச்சு சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டார் :-)