வர இயலாதோர் பட்டியல்

"மலருக்குக் கட்டுரை கொடு. ஆனா அரசியல் மட்டும் வேணாம்பா" என்றார் நண்பர். எனக்குத் தாத்தா சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

ஆர்வெலின் '1984' நாவலில் பழைய செய்தித்தாளையே அரசு திருத்தி எழுதும். இங்கே நெருக்கடி நிலையில் செய்தியையே வரவிடவில்லை. 1976 ஜனவரி 31-இல் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் கைதானவர்கள் பெயரை அச்சிடத் தணிக்கை விடாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். நம்ம திருவாரூரில் 1942-இல் துண்டறிக்கையாகப் பிறந்த 'முரசொலி', அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் போட்டது. அவ்வளவுதான்! டீக்கடையில் அத்தனை பேருக்கும் விளங்கிடுச்சாம். யாரும் வாய்விட்டுப் பேசலையாம்.

அன்றைக்குத் தணிக்கைக்கென்று ஓர் அதிகாரி இருந்தார், அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடிந்தது. இப்போ நம்ம பேனாவுக்கு நாமே அதிகாரி. இவரை ஏமாற்றுவது எப்படி?

நண்பர் மேல் கோபமில்லை. கட்டுரையை இப்படியே கொடுத்துவிட்டேன்.