நாவலுக்கு எத்தனை புள்ளி?

நான் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். எனக்குப் பதவி உயர்வு கொடுக்கும் டீன் யாரும் இல்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: ஸ்கோபஸ் கட்டுரைகளை எண்ணி ஓர் இலக்கிய ஆய்வாளரை எடைபோடுவது அபத்தம்.

எங்கள் துறைக்கு அந்த முறை ஓரளவு பொருந்தும். பாலத்தில் விழும் விரிசலுக்கான கணக்கு காஜாங்கிலும் பெர்லினிலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லா ஊருக்கும் உதவும். ஆனால் காஜாங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. பெரட்டு, கிராணி, லயம் என்ற சொற்களோடு வாழ்ந்தவர்களின் கதைகளைத் தேடித் தொகுத்துத் தமிழில் பதிப்பிக்கும் ஆய்வாளருக்கு எத்தனை புள்ளி? அந்த உழைப்பை அளக்க ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்தின் பட்டியலில் கோல் கிடையாது.

“அப்படின்னா உலகத்தரம் வேணாமா?” என்பார்கள். வேணும்ங்க. தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கியது ஆங்கிலத்தில்தான். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தவர், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அவர் உலகத்தைத் தமிழிடம் வரவழைத்தார். நாம் புள்ளிக்காகத் தமிழை விட்டு விலகுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

படைப்பின் நிலை இன்னும் மோசம். ரெ.கார்த்திகேசு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியராக இருந்தவர். ‘அந்திம காலம்’ போன்ற நாவல்களுக்காகவே அவரை நினைக்கிறோம். அவை அவருடைய பல்கலைக்கழக வேலையில் சேராதவை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிறுகதைப் போட்டி வைத்து ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பைக் கொண்டுவந்ததும் துறை அல்ல, தமிழ்ப் பேரவை மாணவர்கள். படைப்பு என்றால் ஓய்வு நேர வேலை, இல்லாவிட்டால் மாணவர் விழா. அவ்வளவுதான் மரியாதை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922லேயே படைப்பைப் பட்ட ஆய்வேடாக ஏற்றது. பிரிட்டனின் ஆய்வு மதிப்பீட்டில் நாவலையும் ஆய்வாகச் சமர்ப்பிக்கலாம். அங்கே துறை அறிந்தவர்கள் உட்கார்ந்து வாசித்துத் தரம் சொல்கிறார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம். நாவல், மொழிபெயர்ப்பு, பழைய இதழ்களின் பதிப்பு, வாய்மொழி வரலாறு எல்லாவற்றையும் தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் வாசிக்கட்டும். மோசமானதைத் தயவு பார்க்காமல் தள்ளட்டும். நான் சலுகை கேட்கவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டு வாசியுங்கள் என்கிறேன்.