அரியர் இல்லை... அட்மிஷனே இல்லை!

செமஸ்டர் லீவுல உங்க காலேஜுக்குள்ள சும்மா ஒரு ரவுண்டு போயிருக்கீங்களா பாஸ்? கேன்டீன் பூட்டியிருக்கும், மரத்தடி காலியா கிடக்கும். 'லீவுல எவன் காலேஜுக்கு வருவான்?'ங்கறீங்களா? ஒருத்தர் வந்தார். அதுவும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு!

சார்லஸ் லாம். 1775-ல் லண்டனில் பிறந்தவர். ஸ்கூல்மேட் யார் தெரியுமா? கவிஞர் கோலரிட்ஜ்! அவர் கேம்பிரிட்ஜ் போயிட்டார். லாமுக்குத் திக்குவாய். அந்த ஸ்கூலில் இருந்து யுனிவர்சிட்டி போறவங்க பாதிரியாராகணும். திக்கித் திக்கிப் பிரசங்கம் பண்ண முடியாதே... சீட் அவுட்!

1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் கிளார்க் வேலை. ஆமாங்க, நம்ம மெட்ராஸ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனி! லண்டன் தலைமை ஆபீஸில் 33 வருஷம் கணக்கு எழுதினார். தன்னோட நிஜமான படைப்புகள் அங்கே அலமாரியில் தூங்குற பேரேடுகள்தான்னு பின்னாடி தன்னையே கலாய்ச்சுக்கிட்டார். 'ஏன் லேட்?'னு கேட்ட மேலதிகாரியிடம், 'அதை ஈடுகட்டத்தான் சீக்கிரமே கிளம்பிடறேனே'ன்னு சொன்னதாக ஒரு கதையும் உலவுது. (ஹெச்.ஓ.டி-கிட்ட ட்ரை பண்ணாதீங்க!)

ஆக்ஸ்ஃபோர்டு விடுமுறை பற்றி 1820-ல் அவர் எழுதிய கட்டுரை இருக்கே, அது சூப்பர். புனிதர்கள் பேரில் வந்த லீவையெல்லாம் ஆபீஸில் வெட்டிட்டாங்களேன்னு ஒரு பாட்டம் புலம்பிட்டு, மாணவர்கள் ஊருக்குப் போன கேம்பஸில் ஹாயா நடக்கிறார். தானும் இங்கே படிச்சவன்னு கற்பனை. மூடு வந்தா எம்.ஏ. பட்டதாரி! எதிரே வர்ற ஊழியர்கள், யாரோ பெரிய ஆள்னு நினைச்சு வணக்கம் வைக்க, இவருக்கு ஒரே குஷி. படிச்சுட்டு சிரிச்சீங்கன்னா, அடுத்த நிமிஷமே தொண்டையில என்னவோ அடைக்கும்.

வீட்டு நிலைமை வேற. 1796-ல் அக்கா மேரி, மனநோயின் உச்சத்தில் பெற்ற அம்மாவையே கத்தியால் குத்திக் கொன்னுட்டார். லாமுக்கு அப்போ 21 வயசு, நம்ம ஃபைனல் இயர் வயசு. அக்காவை ஆயுசுக்கும் காப்பகத்தில் விட மனசில்லை. 'நான் பார்த்துக்கறேன்'னு பொறுப்பேற்றார். கடைசி வரை கல்யாணம் பண்ணிக்கலை. நோய் திரும்புற அறிகுறி தெரிஞ்சா, ரெண்டு பேரும் அழுதுகிட்டே காப்பகத்துக்கு நடந்து போவாங்களாம். 1807-ல் வந்த ஷேக்ஸ்பியர் கதைகள் புத்தகத்தில் பெரும்பகுதி மேரி எழுதினது. அட்டையில் மட்டும் தம்பி பேர்!

இத்தனைக்கு நடுவில் ஒரு காமெடி நாடகம் வேற எழுதினார். 1806 டிசம்பர், ட்ரூரி லேன் தியேட்டர். முதல் நாளே ஊத்திக்கிச்சு. நாடகம் பிடிக்கலைன்னா அங்கே ஜனங்க 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் போடுவாங்க. அந்தக் கூட்டத்தோட சேர்ந்து பலமா 'ஸ்ஸ்ஸ்' கொடுத்தவர்களில் ஒருத்தர், நாடக ஆசிரியர் லாம்!

லைப்ரரியில் தேடுறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: 'எஸ்ஸேஸ் ஆஃப் இலியா'ன்னு கேளுங்க. இலியா, அவரோட புனைபெயர்.