பொய்க்குச் சிறை என்றால் வாயை மூடுவது யார்?

பொய்ச் செய்தி பரப்புகிறவனைத் தூக்கி உள்ளே போட்டால் தேர்தல் தானாகச் சுத்தமாகிவிடும் என்ற பேச்சு முத்தாண்டிக்குப்பம் டீக்கடையிலும் கேட்கிறது, நெய்வேலி டவுன்ஷிப்பிலும் கேட்கிறது. கட்சி பேதமில்லாமல் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் இதை அடியோடு மறுக்கிறேன்.

வாக்குச்சாவடிக்குள்ளேயே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் ஏழு விநாடி சீட்டு தெரியும். வேறு சின்னம் விழுந்ததாக நீங்கள் சொன்னால், 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49எம்ஏ பிரிவுப்படி தலைமை அலுவலர் முதலில் எச்சரிப்பார்: புகார் பொய்யானால் வழக்கு வரும். பிறகு எழுதி வாங்கிக்கொண்டு, ஏஜென்டுகள் முன்னிலையில் சோதனை வாக்கு போடச் சொல்வார். அந்தச் சீட்டு சரியாக விழுந்துவிட்டால் நீங்கள் பொய்யர். ஆறு மாதம் வரை சிறைகூட வரலாம். முதல் சீட்டில் என்ன இருந்தது என்று அங்கே யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

2019 மக்களவைத் தேர்தலில் அசாமின் முன்னாள் டிஜிபி ஹரேகிருஷ்ண டேகா, தான் ஒருவருக்குப் போட்டதாகவும் சீட்டில் இன்னொரு பெயர் வந்ததாகவும் சொன்னார். ஆனால் சிறை அபாயத்தை எண்ணி முறைப்படி புகார் கொடுக்கவில்லை. போலீஸ் தலைவராக இருந்தவருக்கே இந்தத் தயக்கம். முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கும் எங்கள் பக்கத்து அம்மா பூத்தில் வாய் திறப்பாரா?

வாக்காளருக்கு இந்த மிரட்டல் என்றால், எதிர்வேட்பாளரின் ஒழுக்கத்தைப் பற்றித் தெரிந்தே பொய் அச்சடித்து விநியோகிப்பவருக்கோ, தேர்தல் குற்றப் பிரிவில் அபராதம் மட்டும்தான்!

வெளியிலும் இதே கதைதான். அப்போதைய தமிழ்நாட்டு முதல்வரைப் பற்றிப் பேசியதற்காகக் கைதான யூடியூபர் சாட்டை துரைமுருகனின் ஜாமீனை, 2024 ஏப்ரலில் வாக்குப்பதிவு நெருங்கிய நேரத்தில், உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. தேர்தலுக்கு முன் யூடியூபில் குற்றம் சாட்டுகிறவர்களையெல்லாம் அடைத்தால் எத்தனை பேர் சிறைக்குப் போவார்கள் என்று நீதிபதி ஓகா கேட்டார். தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே முத்திரை குத்த ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்களை நான் மறக்கவில்லை. கலவரம் தூண்டுகிறவனைத் தண்டியுங்கள். ஆனால் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி அடுத்து எந்த ஊர் நிலத்தை எடுக்கும் என்று தேர்தல் நேரத்தில் பயந்து பேசுகிறவரின் பேச்சு வதந்தியா, நியாயமான அச்சமா என்பதை ஆளுங்கட்சியின் காவல்துறை முடிவு செய்யக் கூடாது.

முதலில் 49எம்ஏ விதியிலுள்ள சிறை மிரட்டலை ஒன்றிய அரசு நீக்கட்டும். தேர்தல் ஆணையம் அதைக் கேட்டு வாங்கட்டும்.